மிச்சம் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? ஷெர்லக் ஹோம்ஸின் புகழ்பெற்ற வரிகளுக்கு ஓர் எளிய விளக்கம்

"நடக்கவே முடியாதவற்றையெல்லாம் கழித்துவிட்டால், மிச்சம் இருப்பது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும் அதுதான் உண்மையாக இருக்க வேண்டும்."

ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றுகூடப் படிக்காதவர்களும் இந்த வரியைக் கேட்டிருப்பார்கள். ஒரு விபத்தோ திடீர் மரணமோ நடந்ததும், "வேறு எப்படி நடந்திருக்க முடியும்? இது சதிதான்" என்று பேசுபவர்கள் இதைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். வாதத்தை முடித்து வைக்க இப்படிப் பயன்படும் வரியை, கதையில் ஹோம்ஸ் தேடலின் நடுவே சொல்கிறார். சொன்ன கையோடு விளக்கை எடுத்துக்கொண்டு, தான் நினைத்தது சரியா என்று பார்க்கப் போகிறார். அந்த இரண்டாவது பாதி யார் நினைவிலும் தங்கவில்லை.

ஆர்தர் கோனன் டாயில் 1887 முதல் 1927 வரை ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரை வைத்து 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். அவற்றிலிருந்து உதிர்ந்த வரிகள் பல நாடுகளில் பழமொழி போலவே ஆகிவிட்டன. சம்பவத்திலிருந்து பிரித்து எடுத்தால், ஹோம்ஸ் ஒரு பார்வையிலேயே உண்மையைச் சொல்லிவிடும் மந்திரவாதி என்ற எண்ணத்தையே அவை தருகின்றன. கதைகளில் இருப்பவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் ஊகிக்கிறார், சோதிக்கிறார், சில சமயம் தோற்கிறார். அவர் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். தர்க்கம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர் சொல்லாத வரி

முதலில் ஒரு வரியை ஒதுக்கிவிடலாம். நண்பர் டாக்டர் வாட்சனிடம் ஹோம்ஸ் சொல்வதாகப் பலரும் நினைக்கும் "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" என்ற வாசகம் கோனன் டாயிலின் 60 கதைகளில் ஒன்றில்கூட இல்லை. 1893-இல் வந்த 'தி குரூக்கட் மேன்' கதையில் "எலிமென்டரி" என்று ஓரிடத்தில் சொல்கிறார். "மை டியர் வாட்சன்" அதற்குச் சற்று முன்னால் தனியாக வருகிறது. இரண்டையும் ஒட்டவைத்தவர்கள் பிறர். 1929-இல் வந்த பேசும்படம் ஒன்று இந்த வாசகத்தோடுதான் முடிகிறது.

'இதெல்லாம் அரிச்சுவடி, வாட்சன்' என்பது போன்ற அந்தத் தொனிதான் ஹோம்ஸைப் பற்றிய தவறான எண்ணத்துக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எல்லாமே அவருக்குச் சுலபம், எல்லாமே நிச்சயம் என்று அது நம்ப வைக்கிறது. சரி, அந்த நிச்சயம் எங்கிருந்து வருகிறது, எங்கே வராது?

கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்

ராத்திரி வீட்டில் திடீரென்று விளக்கு அணைகிறது. நாம் முதலில் செய்வது, எதிர் வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. அந்த ஒரு நிமிடத்தில் மனம் மூன்று விதமாக யோசிக்க முடியும்.

முதல் விதம்: "தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் நின்றால், அதிலிருந்து லைன் எடுத்த எல்லா வீடுகளிலும் கரண்ட் நிற்கும். நம் வீட்டு லைன் அதிலிருந்துதான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் நின்றுவிட்டது. அதனால் நம் வீட்டிலும் கரண்ட் இருக்காது." பொது விதியிலிருந்து தனி ஒன்றுக்கு இறங்கி வரும் இந்த முறைக்குப் பகுத்தாய்வு என்று பெயர். ஆங்கிலத்தில் டிடக்‌ஷன் என்கிறார்கள். தொடங்கிய கூற்றுகள் உண்மையாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது.

இரண்டாவது: "போன மாதம் மழை பெய்தபோதெல்லாம் கரண்ட் போனது. இன்றைக்கும் மேகம் கறுத்திருக்கிறது, போகும்." பல தனி அனுபவங்களிலிருந்து பொது விதிக்கு ஏறும் இது தொகுத்தாய்வு. பெரும்பாலும் பலிக்கும், உத்தரவாதம் கிடையாது.

மூன்றாவது: "நம் வீடு இருட்டு, எதிர் வீட்டில் வெளிச்சம். நம் ஃபியூஸ் போயிருந்தால் இரண்டுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. அப்படியானால் ஃபியூஸ் போயிருக்கலாம்." கண்ணில் பட்ட விளைவிலிருந்து, அதை நன்றாக விளக்கக்கூடிய காரணத்துக்குப் பின்னோக்கிப் போகும் இந்த முறையை விளக்க ஊகம் என்று சொல்வோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914) இதைத் தனி வகையாகப் பிரித்து அப்டக்‌ஷன் என்று பெயர் வைத்தார்.

ஃபியூஸைக் கழற்றிப் பார்க்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது, எதிர் வீட்டில் போன வாரம் இன்வெர்ட்டர் வைத்தார்கள். தெரு முழுக்கவே கரண்ட் இல்லை. உங்கள் ஊகம் முட்டாள்தனமானது அல்ல. உங்களுக்குத் தெரிந்த தகவலுக்கு அது நல்ல விளக்கம்தான். தகவல் ஒன்று குறைந்தது, அவ்வளவே.

சுருக்கமாக: பகுத்தாய்வு நிச்சயம் தரும். தொகுத்தாய்வு வாய்ப்பைச் சொல்லும். விளக்க ஊகம் 'இப்படி இருக்கலாம்' என்பதுவரைதான் கொண்டுபோகும், அதற்கு மேல் சோதனை வேண்டும்.

"ஆப்கானிஸ்தானில் இருந்திருக்கிறீர்கள்"

தன் முறைக்கு ஹோம்ஸ் வைத்த பெயர் டிடக்‌ஷன். முதல் இரண்டு நாவல்களிலும் 'டிடக்‌ஷன் என்னும் அறிவியல்' என்ற பொருளில் தலைப்பிட்ட அத்தியாயம் உண்டு. குழப்பம் தொடங்குவது இங்கேதான், ஏனென்றால் அவர் பெரும்பாலும் செய்வது விளக்க ஊகம்.

முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், லண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வாட்சனை முதன்முதலாகச் சந்திக்கிறார். கை குலுக்கியதுமே, "ஆப்கானிஸ்தானில் இருந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்கிறார். வாட்சன் திகைத்துப் போகிறார். காரணம் பிறகு வருகிறது. ஆள் டாக்டர் மாதிரி இருக்கிறார், நடையில் ராணுவ மிடுக்கு, ஆக ராணுவ டாக்டர். முகம் கறுத்திருக்கிறது, ஆனால் மணிக்கட்டு வெளுப்பு, ஆக வெயில் நாட்டிலிருந்து வந்தவர். முகம் வாடியிருக்கிறது, நோயும் கஷ்டமும் பட்டிருக்கிறார். இடது கையை விறைப்பாக வைத்திருக்கிறார், காயம். இங்கிலாந்து ராணுவ டாக்டர் ஒருவருக்கு வெயில் நாட்டில் இத்தனையும் எங்கே நேர்ந்திருக்கும்? ஆப்கானிஸ்தானில்.

அழகான சங்கிலிதான். முடிவும் சரி: வாட்சன் 1880 ஜூலையில் மைவாண்ட் போரில் குண்டடி பட்டவர். ஆனால் 1879-இல் பிரிட்டிஷ் படை தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடும் போரிட்டது. அங்கிருந்து திரும்பும் ராணுவ டாக்டருக்கும் முகம் கறுத்திருக்கும், கை காயம்பட்டிருக்கும். ஹோம்ஸ் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் செய்தது, கிடைத்த குறிப்புகளுக்கு மிகப் பொருத்தமான ஒரு விளக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. எதிரே நின்றவரின் திகைப்பு அதைச் சோதித்துக் கொடுத்துவிட்டது.

இந்த வித்தை கோனன் டாயிலுக்கு எடின்பரோவில் கிடைத்தது. அவர் அங்கே மருத்துவம் படித்தபோது ஆசிரியராக இருந்த ஜோசப் பெல், நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவாராம். 1924-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் டாயில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஒரு நோயாளியைப் பார்த்த பெல், 'சமீபத்தில் ராணுவத்திலிருந்து வந்தவர், ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவு, பார்படோஸ் தீவில் வேலை பார்த்தவர்' என்று சொல்லிவிட்டார். மரியாதையான மனிதர் தொப்பியைக் கழற்றவில்லை, அது ராணுவப் பழக்கம். நோயோ யானைக்கால், அது பிரிட்டனில் கிடையாது, மேற்கிந்தியத் தீவுகளில் உண்டு.

யானைக்கால் என்றதும் தஞ்சைப் பக்கத்து வாசகர் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்பார்: அந்த நோய் எங்கள் ஊரிலும் உண்டே, அதே படைப்பிரிவுகள் இந்தியாவிலும் இருந்தனவே, ஏன் பார்படோஸ்? நியாயமான கேள்வி. பெல்லின் பதில் சரியாக அமைந்தது. அது ஒன்றே ஒன்றாக இருந்திருக்க வேண்டிய பதில் அல்ல.

"நான் ஒருபோதும் ஊகிப்பதில்லை" என்று இரண்டாவது நாவலில் ஹோம்ஸ் பெருமையாகச் சொல்வது நிறைய மேற்கோள் காட்டப்படுகிறது. 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலில் டாக்டர் மார்ட்டிமர், "இப்போது நாம் ஊகத்துக்குள் போகிறோம்" என்று குறைப்படும்போது அதே ஹோம்ஸ் வேறு மாதிரி பதில் சொல்கிறார்: வாய்ப்புகளை எடைபோட்டு, அதிகம் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள், கற்பனையை அறிவியல் முறையில் பயன்படுத்துவது இதுதான். இந்த இரண்டாவது பதில்தான் அவர் உண்மையில் செய்யும் வேலைக்குப் பொருந்துகிறது. அதை யாரும் படத்தில் போட்டுப் பரப்புவதில்லை.

நாய் குரைக்கவில்லை

மூன்று முறைகளும் ஒரே கதையில் கைகோத்து வருவதைப் பார்க்க 'சில்வர் பிளேஸ்' (1892) போல வேறு கதை இல்லை. முடிவைச் சொல்லித்தான் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்ட்மூர் பகுதியில் ஒரு லாயத்திலிருந்து புகழ்பெற்ற பந்தயக் குதிரை இரவில் காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் வெட்டவெளியில் மண்டை உடைந்து இறந்து கிடக்கிறார். அன்று மாலை லாயத்தைச் சுற்றி வந்த சிம்ப்சன் என்ற வெளியாள்மீது போலீசுக்குச் சந்தேகம்.

அங்கே போகும் ரயிலில் ஹோம்ஸ் வெளியே பார்த்துவிட்டு, வண்டி மணிக்கு 53½ மைல் வேகத்தில் போகிறது என்கிறார். அந்தப் பாதையில் தந்திக் கம்பங்கள் 60 கெஜ இடைவெளியில் இருக்கின்றன. மீதி வெறும் கணக்கு. இது அசல் பகுத்தாய்வு. இடைவெளி சரியென்றால், பார்த்த நேரமும் சரியென்றால், வேகம் தப்ப வழியில்லை.

பிறகு வருகிறது அந்தப் புகழ்பெற்ற உரையாடல். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று இன்ஸ்பெக்டர் கிரெகரி கேட்கிறார். இரவில் நாய் நடந்துகொண்ட விசித்திரம் என்கிறார் ஹோம்ஸ். "நாய் ஒன்றுமே செய்யவில்லையே." "அதுதான் விசித்திரம்."

இதைப் பிரித்துப் பார்ப்போம். அந்நியரைக் கண்டால் நாய் குரைக்கும் என்பது அனுபவத்தில் சேர்ந்த விதி, தொகுத்தாய்வு. அந்நியர் வந்திருந்தால் நாய் குரைத்திருக்கும். மாடியில் தூங்கிய பையன்கள் எழும் அளவுக்குக் குரைக்கவில்லை. ஆகவே வந்தவர் அந்நியர் அல்லர். இந்தப் படி பகுத்தாய்வு. நடந்ததை மட்டும் குறித்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டருக்கு நடக்காதது ஒரு தகவலாகவே தெரியவில்லை. இருந்தாலும் இந்தப் படி, முதல் விதியின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் தாங்கும். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்திருந்தால் எல்லாம் சரிந்துவிடும்.

வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர், சரி. யார்? இங்கேதான் கறி வருகிறது. காவலிருந்த பையனுக்கு அன்றிரவு போனது ஆட்டுக்கறி மசாலா. அதில் அபின் கலந்திருந்தது. அபினின் சுவை தெரியாமல் மறைக்க அப்படி மசாலா தூக்கலான சாப்பாடு வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் அந்தச் சமையல்தான் என்று வெளியாளான சிம்ப்சன் ஏற்பாடு செய்திருக்க முடியாது. சமையலைத் தீர்மானிக்கக்கூடியவர்கள் ஸ்ட்ரேக்கரும் அவர் மனைவியும்தான். இறந்தவரே குதிரையை வெளியே கொண்டுபோனவர் என்பது ஹோம்ஸின் விளக்க ஊகம்: குதிரை ஜெயிக்காதபடி அதன் கால் நரம்பில் தெரியாமல் ஒரு கீறல் போடப் போனார், மிரண்ட குதிரை உதைத்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் கிடைத்துவிட்டது. ஹோம்ஸ் அத்தோடு விடவில்லை, எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். இவ்வளவு நுட்பமான கீறலைப் போட எங்காவது பழகிப் பார்த்திருக்க வேண்டுமே என்று யோசித்து, அங்கே மேயும் ஆடுகளுக்கு அண்மையில் ஏதாவது ஆனதா என்று விசாரிக்கிறார். மூன்று ஆடுகள் நொண்டுகின்றன என்று பதில் வருகிறது. இருட்டில் எறிந்த கல் என்கிற மாதிரி வாட்சனிடம் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கல் பட்டுவிட்டது. பிறகு லண்டனில் ஒரு துணிக்கடையில் ஸ்ட்ரேக்கரின் படத்தைக் காட்டி, அவர் வேறொரு பெயரில் இன்னொரு வாழ்க்கை நடத்தியதையும் உறுதி செய்துகொள்கிறார்.

சுருக்கமாக: நாயின் மௌனம் வெளியாளைக் கழித்தது, கறி ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, ஆடுகள் ஊகத்தைச் சோதித்தன. மூன்றாவது இல்லாமல் வழக்கு முடியவில்லை.

பாண்டிச்சேரி லாட்ஜில் பூட்டிய அறை

இப்போது 'மிச்சம் இருப்பதே உண்மை' என்ற வரிக்கு வரலாம். அது 1890-இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலின் ஆறாவது அத்தியாயத்தில் இருக்கிறது. இடம் லண்டனின் அப்பர் நார்வுட். இந்தியாவில் பணியாற்றிய ஒரு மேஜர் வாங்கிய வீடு, பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். அவருடைய மகன் பூட்டிய அறைக்குள் இறந்து கிடக்கிறார். கொலையாளி எப்படி உள்ளே வந்தான் என்று வாட்சன் திணறுகிறார். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஏற முடியாது. கணப்படுப்பின் புகைபோக்கி மிகக் குறுகல். அறைக்குள் ஒளிந்திருக்க இடமில்லை. இந்த வரியைச் சொல்லித்தான் ஹோம்ஸ் அவரை உசுப்புகிறார். "கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக வந்தான்!" என்று வாட்சன் கூவுகிறார்.

இங்கே கழித்தல் செல்லுபடியாவதற்குக் காரணம், பட்டியல் மூடியது. ஓர் அறைக்குள் வருவதற்கு இருக்கும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைக் கழிக்கும்போதும் 'கஷ்டம்' என்பதற்காகக் கழிக்கவில்லை, பூட்டையும் புகைபோக்கியையும் கண்ணால் பார்த்துக் கழிக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஹோம்ஸ் மேலே ஏறிப் போகிறார். பரணில், தூசியில், சாதாரண மனிதனின் பாதத்தில் பாதி அளவுகூட இல்லாத வெறுங்கால் தடங்கள் கிடைக்கின்றன. அந்தத் தடம் கிடைத்த பிறகே கூரை வழி உறுதியாகிறது.

நிஜ வாழ்க்கையில் பட்டியல் இப்படி மூடியிருப்பது அபூர்வம். ஒரு விபத்துக்கு நூறு காரணம் இருக்கலாம். அதில் நமக்குத் தோன்றியது நாலு. மூன்றைக் கழித்துவிட்டு நாலாவதை உண்மை என்று அறிவித்தால், நாம் நிரூபித்தது நமக்கு நாலுதான் தோன்றியது என்பதை மட்டுமே. எதிர் வீட்டு இன்வெர்ட்டர் அந்தப் பட்டியலில் இருக்கவே இல்லை. அதைவிட மோசம், பலர் முதல் மூன்றைச் சோதித்துக் கழிப்பதுகூட இல்லை. 'அதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லை' என்று தள்ளிவிடுகிறார்கள். ஹோம்ஸின் வரி நம்ப முடியாததைத் தள்ளாதே என்று தெளிவாகவே எச்சரிக்கிறது.

கோனன் டாயிலுக்கே இந்த ஓட்டை தெரிந்திருந்தது. 36 வருடம் கழித்து, 1926-இல் வந்த 'தி பிளாஞ்ச்ட் சோல்ஜர்' கதையில் ஹோம்ஸ் இதே விதியைத் திரும்பச் சொல்லிவிட்டு ஒரு பிற்சேர்க்கை தருகிறார். கழித்த பிறகும் பல விளக்கங்கள் மிஞ்சக்கூடும். அப்போது ஏதாவது ஒன்றுக்குப் போதுமான ஆதாரம் சேரும்வரை சோதனைமேல் சோதனை செய்ய வேண்டும். 1890-இன் வரியை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வரியையும் சேர்த்தே காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நார்பரி

"தகவல் கிடைக்கும் முன் கோட்பாடு கட்டுவது பெரும் தவறு. தெரியாமலே நாம் கோட்பாட்டுக்கு ஏற்றபடி உண்மைகளை வளைக்கத் தொடங்கிவிடுகிறோம்." இது 1891-இல் வந்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா'வில் ஹோம்ஸ் சொன்னது. இந்தத் தவறை அவரும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1893-இல் வந்த 'தி எல்லோ ஃபேஸ்' கதையில் மன்ரோ என்பவர் வருகிறார். மனைவி தனக்குத் தெரியாமல் பக்கத்துச் சிறு வீட்டுக்குப் போய் வருகிறாள். அந்த வீட்டு ஜன்னலில் விகாரமான மஞ்சள் முகம் ஒன்று தெரிகிறது. மனைவிக்கு அமெரிக்காவில் முன்பு ஒரு கணவர் இருந்து இறந்துவிட்டார். ஹோம்ஸ் நேரில் போகாமலே முடிவுக்கு வருகிறார்: முதல் கணவர் சாகவில்லை, அந்த வீட்டில் இருந்துகொண்டு அவளை மிரட்டுகிறார். இதெல்லாம் வெறும் ஊகம் என்கிறார் வாட்சன். எல்லா உண்மைகளையும் இது விளக்குகிறதே, புதிய உண்மை வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஹோம்ஸ்.

வீட்டுக்குள் இருந்தது முகமூடி போட்ட ஒரு சின்னப் பெண். மனைவிக்கும் இறந்துபோன கறுப்பினக் கணவருக்கும் பிறந்த குழந்தை. இரண்டாவது கணவர் ஏற்பாரோ மாட்டாரோ என்ற பயத்தில் மறைத்து வைத்திருந்தாள். மன்ரோ குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, மற்றொரு கையை மனைவியிடம் நீட்டுகிறார்.

ஹோம்ஸின் விளக்கம் எல்லாத் தகவலுக்கும் பொருந்தியது, ஆனாலும் தவறு. விளக்க ஊகத்தின் இயல்பே இதுதான்: ஒரே தகவலுக்கு இரண்டு கதைகள் பொருந்தும். அவருக்குக் கெட்டதே முதலில் தோன்றியது. அன்றிரவு வாட்சனிடம் அவர் கேட்டுக்கொள்கிறார்: எனக்கு என் திறமைமேல் நம்பிக்கை அளவு மீறிப் போவதாகவோ, ஒரு வழக்குக்கு வேண்டிய உழைப்பைத் தராததாகவோ தோன்றினால், 'நார்பரி' என்று என் காதில் சொல்லுங்கள். நார்பரி அந்த வீடு இருந்த ஊர்.

ஹோம்ஸ் சொன்னதில் மிக முக்கியமான வரி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எங்கே தொடங்கலாம்

இந்தக் கதைகள் எல்லாம் காப்புரிமை முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முடிவு தெரிந்தாலும் 'சில்வர் பிளேஸ்' சுவை குறையாது, அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'தி எல்லோ ஃபேஸ்'. பிறகு 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஆறாவது அத்தியாயம்வரை வந்து, போலீஸ்காரர் அதெல்னி ஜோன்ஸைக் கவனியுங்கள். கோட்பாடுகளுக்கு இங்கே இடமில்லை, எல்லாம் கறாரான உண்மைகள் என்று முழங்கிக்கொண்டே இறந்தவரின் சகோதரரைக் கைது செய்கிறார். பின்னால் அந்தச் சகோதரர் சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தது உறுதியாகி, அவரை விடுவிக்க வேண்டி வருகிறது. ஹோம்ஸ் ஏணியில் ஏறிப் பரணைத் தேடிய அதே அறையில்தான் ஜோன்ஸும் நின்றார்.